‘இ’ போட்ட ஊர்

தேசத்தின் புகையை எண்ணுகிற அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. மாசிலாமணி படியேறி வந்தார். அவருக்கு வயது அறுபத்தொன்று. முழங்காலுக்கு அதைவிட நாலைந்து கூட.

வாசல் பலகையில் ‘பசுமை இல்ல வாயுக் கணக்குப் பிரிவு’ என்று எழுதியிருந்தது.

“பசுமை இல்ல. சரி. வேற என்னதான் இருக்கு?” என்று முனகிக்கொண்டே உள்ளே போனார்.

முப்பத்தாறு வருஷம் வானிலை நிலையத்தில் மழை அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்காரத் தெரியவில்லை. வீட்டிலிருந்தவர்களுக்கும் அவரை உட்கார வைக்கத் தெரியவில்லை. ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்துவிட்டார்.

பிரிவின் தலைவர் அங்கயற்கண்ணி. வயது நாற்பத்து நான்கு. அதிர்ந்து பேசாதவர். தொழிற்சாலை, லாரி, அடுப்பு, நெல்வயல், மாட்டுக் கொட்டில் என்று தேசத்தில் எங்கே எது புகைந்தாலும் ஒரே அட்டவணையில் கொண்டுவந்து, வருஷத்துக்கு ஒருமுறை நாடுகளின் சபைக்கு அனுப்புவது அவர் வேலை. கீழே அவர் கையெழுத்து இருந்தால் மேலே யாரும் கேள்வி கேட்பதில்லை.

வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி உண்டு. மாசிலாமணிக்கும் அதே முக்காலி.

“வகுப்புக்குப் புதுசா ஒரு பையன் சேர்ந்திருக்கான்டோய். வாத்தியாரை விடப் பதினேழு வயசு மூப்பு” என்று எழுத்தர் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அங்கயற்கண்ணி சிரிக்கவில்லை.

“பேரு?”

“மாசிலாமணி.”

“மாசு இல்லாத மணி. இந்த ஆபீஸுக்கு ஆகாத பேரு. உட்காருங்க சார்.”

உட்கார்ந்ததும் மாசிலாமணி கேட்டார்.

“புகையை எப்படிப் பிடிக்கிறீங்க?”

“பிடிக்கிறதில்லை.”

“அளக்கிற கருவி?”

“சில ஊர்ல இருக்கு. அது காத்துல என்ன மிதக்குதுன்னு சொல்லும். யார் விட்டது, எவ்வளவு விட்டாங்கன்னு சொல்லாது.”

“அப்ப எதைத்தான் எண்ணுறீங்க?”

அங்கயற்கண்ணி எழுந்து செருப்பை மாட்டினார். “வாங்க, டீ குடிக்கலாம்.”

மூன்று மாடி இறங்கியதும் மாசிலாமணியின் முகம் கடுத்தது. டீக்கடையில் பாய்லர் சீறிக்கொண்டிருந்தது. அங்கயற்கண்ணி கடைக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மாசத்துக்கு எத்தனை சிலிண்டர் ஆகுது அண்ணே?”

“பெரிய சிலிண்டர் ஆறு. பண்டிகை மாசம்னா ஏழு.”

கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். ஆறு. ஒன்றில் பத்தொன்பது கிலோ. ஒரு கிலோ எரிந்தால் மூன்று கிலோ கரியமில வாயு. மூன்றையும் பெருக்கினார். முந்நூற்று நாற்பத்திரண்டு கிலோ. சீட்டை மாசிலாமணி கையில் கொடுத்தார்.

“முடிஞ்சுது.”

“என்ன முடிஞ்சுது? புகையை நீங்க பார்க்கவே இல்லையே!”

“சிலிண்டரைப் பார்த்தேன்.”

“ஒரு கிலோ எப்படி மூணு கிலோ ஆகும்? அதெந்த ஊர்த் தராசு?”

“எரியறப்போ காத்தும் கூடச் சேர்ந்துக்குது. காத்துக்கும் எடை இருக்கு.”

மாசிலாமணி டீயை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு சுட்டது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மேலே ஏறும்போது இரண்டாவது மாடியில் நின்றார். மூச்சு வாங்குவதற்காகத்தான். ஆனால் பேசுவதற்காக நின்றது போலப் பேசினார்.

“நான் மழை அளந்தவன் மேடம். காலையில எட்டரை மணி. மழைமானியைத் திற. அளவுக் குடுவையில ஊத்து. கண்ணுக்கு நேரா வெச்சுப் படி. எழுது. அவ்வளவுதான். கண்ணால பார்த்ததை எழுதினாத்தான் அது கணக்கு. பார்க்காததை எழுதிட்டு அதை எப்படிக் கணக்குன்னு சொல்றீங்க?”

“எத்தனை வருஷம் பார்த்தீங்க?”

“முப்பத்தாறு. ஒரு நாள் விடலை.”

“காய்ச்சலே வரலையா?”

“வந்துச்சு. ஒருநாள் எழுந்திருக்க முடியலை.”

“அன்னைக்கு என்ன எழுதினீங்க?”

“பூஜ்யம். அன்னைக்கு மழை இல்லை.”

“போய்ப் பார்த்தீங்களா?”

“வானம் வெளுத்துக் கிடந்தது.”

“ஜன்னல் வழியாவா?”

மாசிலாமணி மீதிப் படிகளை வேகமாக ஏறினார். முழங்கால் வலிக்கிறது என்று காட்டிக்கொள்ளவில்லை.

*

ஒரு மாதம் போனது. மாசிலாமணி வேலையைப் பிடித்துக்கொண்டார். ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது.

முக்காலியில் உட்கார்ந்து எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நம்ம துறைமுகத்துல எண்ணெய் போட்டுக்கிட்டு வெளிநாடு போற கப்பல் விடற புகை யாரோடது?”

“அடிக்குறிப்பு.”

“அடிக்குறிப்புன்னா?”

“கீழே தனியா எழுதுவோம். எந்த நாட்டோட கூட்டுத்தொகையிலயும் சேராது.”

“அப்ப அந்தப் புகை எங்கே போகும்?”

அங்கயற்கண்ணி பேனாவை மூடினார். “நம்ம மேலதான் சார்.”

அந்த வருஷத்து அட்டவணை ஏறக்குறைய முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அட்டவணை தொடங்கிய முதல் வருஷத்தோடு ஒப்பிட்டால் தேசத்தின் புகை பன்னிரண்டு சதவீதம் குறைந்திருந்தது. இருபத்தொரு வருஷத்தில் இவ்வளவு இறக்கம் வந்ததே இல்லை. இயக்குநர் அதற்குள் சுவரொட்டியே அடித்துவிட்டார். அட்டவணையைச் சபையில் வைத்துப் பேச அங்கயற்கண்ணியின் பெயர் போயிருந்தது.

மாசிலாமணிக்கு ஒரே ஒரு பக்கம் மீதி இருந்தது. கரிமூட்டப் பக்கம். கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூடி, உள்ளுக்குள்ளேயே தீயைக் கனிய வைத்து அடுப்புக்கரி எடுக்கிற ஊர்களின் பட்டியல். எண் இருக்கிற ஊர்களுக்கு இந்த வருஷத்து எண்ணைப் போட்டார். மற்ற ஊர்களுக்கு நேரே ஒரு பூஜ்யம். முந்நூற்று நாற்பது பூஜ்யம்.

பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று பழைய கட்டுகளைப் புரட்டினார். முதல் வருஷம் ஊர் ஊராகப் போய் எழுதிய படிவங்கள். அவற்றில் பூஜ்யம் இல்லை. ‘இ’ என்று ஓர் எழுத்து இருந்தது.

“இது என்ன?” என்று எழுத்தரைக் கேட்டார்.

“இல்லை. அங்கே கரிமூட்டம் இல்லை. கையேட்டிலேயே போட்டிருக்கு சார். ‘இ’ போட்ட ஊருக்கு அப்புறம் யாரும் போறதில்லை. இல்லாததைப் போய் என்னத்தைப் பார்க்கிறது?”

நியாயமாகத்தான் பட்டது. கட்டைக் கட்டி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை அலுவலக வாசலில் சவரிமுத்துவின் இஸ்திரி வண்டியருகே நின்றார். தேய்க்கக் கொடுத்திருந்த சட்டை சூடாக வர வேண்டும். சவரிமுத்து பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தார். காலடியில் கரிச்சாக்கு. சாக்கின் மேல் கறுப்பு மையில் அச்சு: ‘கள்ளிக்குறுங்குடி மூட்டக்கரி’.

மாசிலாமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

“சவரி, இந்தக் கரி எத்தனை வருஷமா வருது?”

“எங்க அப்பா காலத்துல இருந்து சார். இதுதான் நின்னு எரியும். சட்டையில பொறி விழாது.”

“அந்தச் சாக்கைக் கொடு.”

“சாக்கா? உள்ளே கரி இருக்கு சார்.”

“கொட்டிட்டுக் கொடு.”

“சட்டை?”

“சட்டை கிடக்கட்டும்.”

மூன்று மாடியும் நிற்காமல் ஏறினார். அங்கயற்கண்ணியின் மேஜையில் சாக்கை விரித்தார். கரித்தூள் அட்டவணை மேல் உதிர்ந்தது. சாக்குக்குப் பக்கத்தில் பழைய படிவத்தை வைத்தார். கள்ளிக்குறுங்குடி. ‘இ’.

“கரி இல்லாத ஊர்ல இருந்து கரி வருது மேடம்.”

அங்கயற்கண்ணி சாக்கைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். படிவத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டார்.

“எவனோ வேலைக்கு மட்டம் போட்டிருக்கான். போகாமலே எழுதியிருக்கான். அவன் பேரு தெரிஞ்சா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.”

“போய்ப் பார்த்துட்டு வாங்க.”

“எத்தனை மூட்டம்னுதானே?”

“அதுவும். ‘இ’ன்னா என்னன்னும் கேட்டுட்டு வாங்க.”

*

ஐந்து மணி நேரம் பஸ். அப்புறம் கண்மாய்க் கரையில் இரண்டு கிலோமீட்டர் நடை. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மாசிலாமணி கள்ளிக்குறுங்குடிக்குப் போய்ச் சேர்ந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது.

ஊரைத் தேட வேண்டியிருக்கவில்லை. புகையே வழி காட்டியது. பொட்டலில் ஏழு மூட்டங்கள், கவிழ்த்த கூடைகள் போல. அடியில் போட்டிருந்த ஓட்டைகளிலிருந்து வெள்ளையாகப் புகை கசிந்தது. ஒரு மூட்டத்தின் மேல் ஒரு பெண் மண் அள்ளிப் பூசிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முகமெல்லாம் கரி.

“யாரு?” என்றாள், திரும்பாமலே.

“சர்க்கார் ஆபீஸ். புகைக் கணக்கு.”

அவள் கை நின்றது. மெதுவாக இறங்கி வந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அந்தப் பிள்ளை வரலையா?”

“எந்தப் பிள்ளை?”

“சரி விடுங்க. உங்க பேரு என்னய்யா?”

“மாசிலாமணி.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“மாசு இல்லாத மணியா! எங்க ஊருக்கா! போறப்ப கறுத்த மணியாத்தான்யா போவீங்க. என் பேரு இருளாயி. எனக்குப் பொருத்தமாத்தான் வெச்சிருக்காக. உட்காருங்க.”

உட்கார இடம் இல்லை. ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்தார். வேட்டி கறுத்தது.

“ஒரு மூட்டத்துக்கு எவ்வளவு விறகு?”

“அஞ்சு டன்.”

“எவ்வளவு கரி?”

“ஒரு டன் கிடைச்சா பெரிசு.”

“மீதி நாலு டன்?”

“மேல போச்சு” என்றாள் இருளாயி. “கொஞ்சம் எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு.”

சற்றுத் தள்ளி ஒரு வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டில். அதில் ஒரு மனிதர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் போலிருக்கிறது. மாசிலாமணியைப் பார்த்துக் கை தூக்கினார். பேசவில்லை.

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“நெஞ்சைப் படம் புடிக்கிற வேன் ஒண்ணு இருக்குல்ல, வருஷா வருஷம் புகை புடிச்ச ஊருக்கெல்லாம் போகும். பக்கத்து ஊர் செங்கச்சூளைக்கு வருது. எங்களுக்கு வராது. தாலுகா ஆபீஸ்ல போய்க் கேட்டேன். பேப்பரைத் தூக்கிக் காட்டுறாக. ‘உங்க ஊர்ல புகை இல்லைன்னு தேசமே சொல்லுதும்மா, நான் என்ன செய்ய’ங்கிறாக. அந்நேரம் எம் முந்தானையில இருந்து புகைநாத்தம் அந்த மேசை வரைக்கும் அடிச்சுக்கிட்டிருக்கு. மூக்கைப் பொத்திக்கிட்டேதான் சொன்னாக.”

மாசிலாமணி கேட்டார்.

“இந்த வருஷம் வேன் எப்போ?”

“நீங்க ஆபீஸ்காரரு. நீங்கதான் சொல்லணும்.”

அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை போகிற அட்டவணையிலிருந்துதான் வேன் போகிற ஊர்களைப் பொறுக்குவார்கள். பூஜ்யம் போட்ட ஊரை முதலிலேயே கழித்துவிடுவார்கள்.

“வருஷத்துக்கு எத்தனை மூட்டம் போடுறீங்க?”

“எந்த வருஷத்துக்கு?”

“எந்த வருஷம்னா? இந்த வருஷத்துக்குத்தான்.”

“எல்லா வருஷத்துக்கும் இருக்குய்யா. வாங்க.”

பொட்டலின் கோடியில் ஒரு மேடு. அங்கே கல்வரிசைகள் இருந்தன. முஷ்டி அளவுக் கற்கள், ஒவ்வொன்றும் பக்கத்துக் கல்லைத் தொட்டபடி. ஒரு வரிசைக்குக் கீழே இன்னொரு வரிசை. மழைத் தண்ணீர் அடித்துப் போகாமல் சுற்றிலும் வரப்பு கட்டியிருந்தது.

“மூட்டத்துக்கு ஒரு கல்லு. வருஷத்துக்கு ஒரு வரிசை. மூட்டத்தைப் பிரிச்சதும் வந்து வெச்சிடுவேன். அவரு முடியாமக் கிடந்த வருஷத்துலயும் விடலை.”

மாசிலாமணி எண்ணி, வரிசை வரிசையாகக் குறித்துக்கொண்டார். முதல் வரிசையில் ஒன்பது. கடைசி வரிசையில் முப்பத்தொன்று. வரிசைகள் இருபத்தொன்று.

“யார் வைக்கச் சொன்னா?”

“அந்தப் பிள்ளைதான். முத முதல்ல கணக்கெடுக்க வந்துச்சே. சின்னப் பொம்பளைப் பிள்ளை. அந்த வருஷம் நல்ல மழை. கண்மாய் நிறைஞ்சு மறுகால் போகுது. இங்கிட்டு வர முடியலை. அக்கரையில நிக்குது. பச்சைக் குடை. தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. ‘எத்தனை மூட்டம்’னு கத்துச்சு. நான் கத்தினது அதுக்குக் கேக்கலை. கடைசியில வாயில ரெண்டு கையையும் குவிச்சு, ‘எண்ணி வைங்கக்கா, இன்னொரு நாள் வர்றேன்’னுச்சு.”

இருளாயி குனிந்து, விலகியிருந்த ஒரு கல்லை வரிசையோடு சேர்த்தாள்.

“என்னமோ ஒண்ணே ஒண்ணு நோட்டுல எழுதுச்சு. அப்புறம் போயிருச்சு.”

மாசிலாமணி அந்த மேட்டிலேயே நின்றார். அவர் பார்த்த அந்த எழுத்து அவர் கண் முன்னால் இருந்தது. அது ‘இல்லை’யில் வருகிற ‘இ’ அல்ல.

அலுவலகத்தில், அங்கயற்கண்ணியின் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, கைப்பிடி தேய்ந்த ஒரு பச்சைக் குடை சாத்தி வைத்திருப்பதும் கண் முன்னால் இருந்தது. மழை அளந்தவர். முதல் நாளே குடையைத்தான் பார்த்திருந்தார்.

“ஒரு கல் எடுத்துக்கவா?” என்று கேட்டார்.

“கணக்குல ஒண்ணு குறையுமேய்யா.”

“திரும்பி வரும்.”

“இப்படித்தான் அந்தப் பிள்ளையும் சொல்லுச்சு” என்றாள் இருளாயி. ஆனாலும் ஒரு கல்லை எடுத்து, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். துடைத்ததில் அது இன்னும் கறுத்தது.

*

புதன்கிழமை மதியம் மாசிலாமணி அலுவலகம் வந்தார். சட்டையெல்லாம் கரி. எழுத்தர் வாயைத் திறந்தார். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

வழி நெடுக நாலு வார்த்தை தயார் செய்து வைத்திருந்தார். முக்காலியில் உட்கார்ந்ததும் ஒன்றும் வரவில்லை. கல்லை எடுத்து மேஜையில் வைத்தார்.

அங்கயற்கண்ணி கல்லைத் தொடவில்லை.

“எத்தனை மூட்டம்?”

“எந்த வருஷத்துக்கு?” என்றார் மாசிலாமணி.

அங்கயற்கண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

“இருபத்தொரு வரிசை மேடம். முதல் வருஷம் ஒன்பது. இந்த வருஷம் முப்பத்தொண்ணு. ஒண்ணு விடாம எண்ணி வெச்சிருக்காங்க. எண்ணி வைங்கன்னு யாரோ சொன்னாங்களாம்.”

அங்கயற்கண்ணியின் பார்வை அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது.

“‘இ’ன்னா என்னன்னு கேட்டீங்களா?”

“கேட்கலை. அவங்களே சொல்லிட்டாங்க.”

“அந்த வருஷம் எனக்கு வயசு இருபத்து மூணு” என்றார் அங்கயற்கண்ணி. “போகாத ஊருக்கெல்லாம் ‘இ’ போடுவோம். அடுத்த வாரம் போறதுக்கு அடையாளம். அடுத்த வாரம் என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. இங்கே யாரோ கையேட்டைப் பார்த்து ‘இல்லை’ன்னு படிச்சிருக்காங்க. நான் இந்த நாற்காலிக்கு வந்தப்போ அது பூஜ்யமா இருந்தது. பூஜ்யத்தை யார் திருப்பிப் பார்க்கிறா? நானும் பார்க்கலை.”

“ஞாபகமே இல்லையா?”

“படிவத்துல என் கையெழுத்தைப் பார்க்கிற வரைக்கும் இல்லை.”

மாசிலாமணி எழுந்து ஜன்னலருகே போனார். கீழே சவரிமுத்து யாருடைய சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை கேட்க வந்தவர், இப்போது வேறு நாலு வார்த்தை தேடினார்.

“மேடம், இதை நீங்க பெரிசா ஆக்க வேண்டாம். இந்த வருஷத்துல இருந்து முப்பத்தொண்ணுன்னு போட்டுடுவோம். வேன் போயிடும். பழசைத் தொட வேண்டாம். உங்க பேரும் வெளியில வராது. நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சே, அதுக்கு மறுநாள் காலையில எட்டரைக்கு மானியைத் திறந்தீங்களா?”

மாசிலாமணி திரும்பினார்.

“திறந்தேன்.”

“எவ்வளவு இருந்துச்சு?”

எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய எண். யோசிக்காமல் வந்தது. “நாற்பத்தொரு மில்லிமீட்டர்.”

“அத்தனையும் ஒரு நாள் மழையா?”

மாசிலாமணி வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

அங்கயற்கண்ணி தொலைபேசியை எடுத்தார். இயக்குநரிடம் பேசினார். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

“பன்னிரண்டு இல்லை சார்... எவ்வளவுன்னு இப்ப தெரியாது... குறைஞ்சிருக்கும், அவ்வளவு குறைஞ்சிருக்காது... ஆமா, முதல் வருஷத்துல இருந்து திருத்தணும்... சுவரொட்டி ஒட்டியாச்சா? கிழிச்சிடுங்க சார்... வெள்ளிக்கிழமை கண்டிப்பாப் போகும். தெரியாதுன்னு எழுதிப் போகும்... ஆமா. சபைக்கு வேற யாரையாவது அனுப்புங்க. சரி சார்.”

வைத்துவிட்டார். கரிமூட்டப் பக்கத்தை எடுத்தார். கள்ளிக்குறுங்குடிக்கு நேரே இருபத்தொரு பூஜ்யத்தையும் அடித்தார். மாசிலாமணி சொல்லச் சொல்ல இருபத்தொரு எண்களை எழுதினார். ஒன்பது. பதினொன்று. பத்து. பன்னிரண்டு. கடைசியில் முப்பத்தொன்று.

மற்ற முந்நூற்று முப்பத்தொன்பது ஊர்கள் பாக்கி இருந்தன.

“இதுல எது ‘இல்லை’, எது ‘இன்னொரு நாள்’?” என்று மாசிலாமணி கேட்டார்.

“தெரியாது.”

“பூஜ்யத்தை அடிச்சா அந்த இடத்துல என்ன போடுறது? கட்டத்தைச் சும்மா விட்டா சபையில வாங்க மாட்டாங்களே.”

“சபைக் கையேட்டுல அதுக்குத் தனி எழுத்து உண்டு. நம்ம படிவத்துலதான் வைக்கலை.” முதல் ஊருக்கு நேரே பூஜ்யத்தை அடித்துவிட்டு ‘பா’ என்று எழுதினார். “பார்க்கவில்லை. இது போட்ட ஊருக்கு யாராவது போயே ஆகணும். போகாம வேன் பட்டியலை மூட முடியாது. பக்கத்துல காரணம் எழுதணும்.”

பக்கத்தைக் கிழவரிடம் தள்ளினார். மாசிலாமணி எழுதத் தொடங்கினார். பா. பா. பா. ஒருவர் மழலை பழகுவது போல இருந்தது. அறையில் யாரும் சிரிக்கவில்லை.

கைநோக எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“காரணம்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. என்ன எழுத?”

அங்கயற்கண்ணி எழுந்து அலமாரிக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்தார். தூசி தட்டினார். விரித்துப் பார்த்தார். ஒரு கம்பி ஒடிந்திருந்தது. மடக்கினார். மேஜையிலிருந்த கல்லை எடுத்துக் கைப்பையில் போட்டார்.

“இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லியிருந்தேன். அதை எழுதுங்க.”

“எழுதினாப் போதுமா?”

“போதாது. மூணேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு.”